ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்த வாரங்கள்

தொம்மை, நலம் விசாரிப்பதற்கு முன் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். உன் மகள் ரெஜினாவை இங்கே அழைத்துவந்து கான்வென்டில் சேர்க்க நான் மறுத்துவிட்டேன் என்று உன் அத்தை சொல்லிக்கொண்டு திரிகிறாள். பூசை முடிந்து வெளியே வரும்போது என் காதுபடவே சொன்னாள். "மைனிக்கு ரெண்டு பக்கம் எழுத கை நோவுதாம். பேத்தி வந்தா குசினியில ஒரு தட்டு கூடக் கழுவணும்லா, அதான் கணக்கு." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்து, "ஏளா, என் கை நல்லாத்தான் இருக்கு. உன் நாக்குக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு அந்தப் பதில் போதும். உனக்குப் போதாது. ரெஜினா இங்கே வருவதில் எனக்கு மறுப்பே இல்லை. அவளுக்குக் கட்டில்கூடப் போட்டாயிற்று. நான் மறுத்தது, நீ எழுதித் தரச் சொன்ன நோட்டை மட்டும்தான்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் இல்லாததால் நீயும் மருமகள் லூர்துவும் குழந்தைக்கு இரண்டு வருடமாக வீட்டிலேயே பாடம் சொல்லித்தந்தீர்கள், ஆனால் ஒன்றையும் எழுதிவைக்கவில்லை, இப்போது எட்டு வயதுப் பெண்ணை நான்காம் வகுப்பில் சேர்க்க ஏதாவது கையில் வேண்டும். இதுவரை எனக்குப் புரிகிறது. அடுத்து நீ எழுதியிருப்பது: "எனக்கு எழுதியது போலவே ரெஜினாவுக்கும் உங்கள் கையெழுத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு நோட்டு எழுதித் தாருங்கள்." அதற்கும் அடுத்த வரியில், போகிற போக்கில், "அவளுக்கும் என்னைப்போலவே கணக்கு வரவில்லை, ரத்தத்தில் இருப்பது" என்கிறாய். இந்த இரண்டு வரிகளையும் நீ அடுத்தடுத்து எழுதியது தற்செயல்தான். ஆனால் எனக்கு அவை ஒன்றுக்கொன்று சம்பந்தம் உள்ளவையாகப் பட்டன. அது என்ன சம்பந்தம் என்று தேடியதில்தான் இந்த மூன்று வாரம் போயிற்று. பதில் தாமதமானதற்கும் அதுவே காரணம்.

முதலில் கான்வென்டுக்குப் போனேன். இப்போதிருக்கும் மதர் புதியவர், வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். நான் அங்கே படித்ததும், இரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்மா. நாலாம் வகுப்புல ஒரு இடம் இருக்கு" என்றார். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் புதிய நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே "தேதி, மணி, பாடம், முடிந்தது" என்று நான்கு தலைப்புகளையும் எழுதிவிட்டேன். பேனா அங்கேயே நின்றது. ரெஜினா ஒரு நாள் காலையில் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. எந்த எழுத்தைத் திருப்பிப் போடுகிறாள், எதைக் கேட்டால் முகம் சுளிக்கிறாள், ஒன்றும் தெரியாது. அவளைப் பார்த்தே மூன்று வருடமாகிறது. தெரியாத குழந்தையைப் பற்றி இரண்டு வருடத்து நோட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தபோது, தெரிந்த குழந்தையைப் பற்றி நான் எழுதியது மட்டும் என்ன என்ற கேள்வி வந்தது.

உனக்காக நான் எழுதிய பழைய நோட்டுகளை எடுத்தேன். நான்கும் அலமாரியில் பத்திரமாகவே இருந்தன. உனக்கு ஏழு வயதில் இழுப்பு கண்டது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சு மில். அந்தத் தூசியில் பிள்ளையை உட்கார வைத்தால் நுரையீரல் தாங்காது, இரண்டு மூன்று வருடம் வீட்டில் வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். மற்ற தாய்மார்கள் அழுதிருப்பார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பெற்ற பிள்ளைக்கு நானே வாத்திச்சி. கன்னியாஸ்திரீகள் எனக்குக் கற்றுக்கொடுத்த முறையை அப்படியே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, காப்பி குடித்து, மேசையைத் துடைத்துவிட்டு, அடுத்த ஆறு நாளுக்கும் பாடக்குறிப்பை மையில் எழுதிவிடுவேன். கான்வென்டில் நாங்கள் அப்படித்தான் எழுதினோம். அங்கே அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்து மறுபடி எழுதச் சொல்வார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. கான்வென்டில் அது நடத்தப்போகிற பாடத்தின் குறிப்பு. நடந்ததை எழுத அங்கே வேறு ரெஜிஸ்டர் இருந்தது, அதை மதர் வைத்திருந்தார். வீட்டில் நான் இரண்டையும் ஒரே நோட்டாக ஆக்கிக்கொண்டேன். "முடிந்தது" என்ற கட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமையே நிரப்பினேன். புதன்கிழமை நீ மூச்சு முட்டிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும், புதன்கிழமைப் பாடம் ஏற்கனவே முடிந்து மை உலர்ந்திருக்கும். அதை அடித்தால் பக்கம் கெட்டுவிடும். பக்கம் கெட எனக்கு மனம் வராது.

உன் அப்பா இதை ஒரு தடவை பார்த்துவிட்டார். அவர் துறைமுகத்தில் டாலி எழுதியவர் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கும் என்று அவர் உன்னிடம் விளக்கியிருக்கிறாரோ தெரியாது. இங்கே கப்பல் கரைக்கு வராது, ஐந்தாறு மைல் வெளியே நிற்கும். மூட்டைகள் தோணியில் போகும். கப்பலின் பக்கவாட்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு தூக்கும் மேலே ஏறும்போது ஒரு கோடு போட வேண்டும். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. கரையில் சரக்கு வைக்கும் கிட்டங்கியிலிருந்து எத்தனை புறப்பட்டது, தோணியில் எத்தனை ஏற்றியது என்று யார் சொன்னாலும் அது அவருக்குப் பேச்சுத்தான். கண் முன்னால் ஏறினால்தான் கோடு. அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மேசைமேல் விரித்திருந்த உன் நோட்டைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, இன்னைக்குத் திங்கக்கெழமதான?"

"ஆமா."

"அப்பம் சனிக்கெழமப் பாடம் எப்படி முடிஞ்சிது?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மூட்டை கிட்டங்கியிலயே கெடக்கு, நீ கப்பல் ஏறிட்டுன்னு கோடு போட்டுட்ட. எனக்கு இப்படி ஒரு டாலி கெடச்சா நான் கடலுக்கே போவ வேண்டாமே, வீட்டுலயே இருந்துக்கிடலாமே."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அல்லது அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான், "மூட்டை எண்ணுகிறவர்கள் படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று சொன்னேன். வீட்டுப் பேச்சில் அல்ல, கான்வென்ட் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துச் சொன்னேன். நீ அப்போது பாயில் உட்கார்ந்து சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை என் நோட்டை அவர் தொட்டதில்லை. நான் அதை என் வெற்றி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பத்து முடிந்து ஹைஸ்கூலில் சேர்க்கப் போன நாளை நீ வேறு மாதிரி நினைவு வைத்திருப்பாய். நான் நினைவு வைத்திருப்பதைச் சொல்கிறேன். தலைமையாசிரியர் சாமி நான்கு நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "அம்மா, இது கையெழுத்தா, அச்சடிச்சதா?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் ஒரு அடித்தல் இல்லை என்று வியந்தார். உன்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னாய். இரண்டாவது பின்னத்தில் ஒரு கணக்கு. நீ மேல்மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "பயப்படுதான் சாமி. நோட்டைப் பாருங்க, பின்னம் எல்லாம் முடிச்சாச்சு" என்று நான் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தார். பதினோரு வாரம் பின்னம். ஐந்தாம் வகுப்பு வேண்டாம், நேரே ஆறாவதான முதல் பாரத்தில் போடலாம் என்று எழுதிக்கொடுத்தார். வீடு வரும் வழியெல்லாம் எனக்குத் தரையில் கால் படவில்லை.

அந்த வருடம் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் உனக்குப் பூஜ்யம். கணக்கு வாத்தியார் உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றி, "வீட்டுப் பள்ளிக்கூடத்து மேதையப் பாருங்கடே" என்று சொன்னதாக உன் அத்தை மகன் வந்து சொன்னான். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே, "எனக்குக் கணக்கு வராதும்மா" என்றாய். நான் என்ன செய்தேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்குச் சொல்லித்தருவதற்குப் புதிய நோட்டு போட்டேன். நீ சொன்னதை நம்பினேன். அதுதான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ முட்டாள் என்று நம்புவது, என் நோட்டு தப்பு என்று நம்புவதைவிட எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். உன் நோட்டுகளை மேசையில் வைத்துக்கொண்டு, இதில் எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று யோசித்தேன். இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமையை யாரிடம் போய்க் கேட்பது? அப்போதுதான் உன் அப்பாவின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அவர் சட்டைப்பையில் வைத்திருந்த சின்ன நோட்டுகள், கோடு கோடாக இருக்குமே, அவற்றை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. கறையான் கொஞ்சம் தின்றிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தேன். கப்பலின் பெயர், தேதி, கோடுகள், கூட்டுத்தொகை. பல பக்கங்களின் ஓரத்தில் பென்சிலில் "தொ." என்று இருந்தது. முதலில் தொகையின் சுருக்கம் என்று நினைத்தேன். பிறகு ஒரு பக்கத்தில், "தொ. இழுப்பு. கஞ்சி மட்டும்" என்று இருந்தது. அது நீ.

தொம்மை, உன் அப்பா மூன்று வருடமும் உன்னை எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு நாளைக்கு நான்கைந்து சொல்தான். "தொ. இருமல், காய்ச்சல் இல்லை." "தொ. இரண்டாம் வாய்ப்பாடு சொன்னான், எட்டில் தடுக்கினான்." "தொ. எட்டு சரி." சில நாட்களில் சொல்லே இல்லை, டாலிக் கோடுகள் மட்டும். அவை என்ன என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூட்டைக் கணக்கோடு அவை சேரவில்லை. கடைசியில் ஒரு பக்கத்தில் விளக்கம் கிடைத்தது: "தொ. இன்று ஏன் கேட்டது", அதன் பக்கத்தில் நான்கு கோடும் குறுக்கே ஒன்றும், அப்படி மூன்று கட்டு. நீ இரவுச் சாப்பாட்டில் அவரிடம் கேட்கும் "ஏன்"களை எண்ணியிருக்கிறார். பதினைந்து. இழுப்பு இருந்த நாட்களில் ஒன்று, அல்லது இரண்டு. டாக்டரின் மருந்துச் சீட்டைவிட அந்தக் கோடுகள் உன் உடம்பைச் சரியாகச் சொல்கின்றன.

பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பின்னம் நடத்தியதாக நான் எழுதிய பதினோரு வாரத்தையும் ஒரு பக்கம் வைத்து, அதே நாட்களின் அப்பா நோட்டை மறுபக்கம் வைத்து, தேதி தேதியாக ஒத்துப் பார்த்தேன். என் நோட்டின்படி அறுபத்தாறு நாள் பின்னம். அவற்றில் முப்பத்தொரு நாள் உனக்கு இழுப்பு. பனிக்காலம் அல்லவா. ஒன்பது நாள் நான் ஊரிலேயே இல்லை, என் தங்கையின் பிரசவத்துக்குப் புன்னைக்காயலில் இருந்தேன். புறப்படுவதற்கு முன்பே பக்கங்களை எழுதி முடித்துவிட்டுப் போயிருக்கிறேன்! பன்னிரண்டு நாள் நீ அப்பாவோடு முத்துக் குளிக்கும் சலாபக் கரையில். ஆக மிஞ்சுவது பதினான்கு நாள். அந்தப் பதினான்கில் நீ என்ன புரிந்துகொண்டாய், எதில் தடுக்கினாய் என்று என் நோட்டில் ஒரு சொல்கூட இல்லை. மற்ற பிள்ளைகள் ஒரு வருடம் படித்ததை நீ பதினான்கு நாளில் படிக்காமல் போனதற்குத்தான் உனக்குக் கணக்கு வராது என்று பெயர். ரத்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெஜினாவின் ரத்தத்துக்கும் இல்லை.

அந்தச் சலாப நாட்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முத்துச் சிப்பி எடுக்கும் காலத்தில் ஊர் முழுக்க அழுகல் நாற்றம். உன்னை அங்கே விடவே எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பஞ்சுத் தூசி இல்லாத அந்தக் காற்றில் உனக்கு மூச்சு சீராக இருந்ததை அப்பா கவனித்திருந்தார். கரைக்கு வந்த சிப்பியை, முத்துக் குளிக்கிறவன் மூன்று குவியலாகப் போட வேண்டும். சர்க்கார் ஆள் வந்து இரண்டு குவியலை எடுத்துக்கொள்வார், மிச்சம் ஒன்று அவனுக்கு. ஒரு நாள் நீ வாசலிலேயே நின்று கத்தினாய். "அம்மா! அவம் ஏன் ஒரு குவியலச் சின்னதா வைக்க மாட்டேங்கான் தெரியுமா? எந்தக் குவியல் தனக்கு மிஞ்சும்னு அவனுக்கே தெரியாதுல்லா! அதான் மூணையும் ஒண்ணுபோல வைக்கான்!" நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்ல போய்க் குளி, நாறுது" என்றேன். அப்பாவின் நோட்டில் அந்தத் தேதியில் இருப்பது: "தொ. மூணு குவியல் ஏன் என்று கேட்டான். நான் சொல்லுமுன் தானே சொன்னான்." என் நோட்டில் அதே தேதியில் இருப்பது: "ஒரே பகுதியுள்ள பின்னங்களின் கூட்டல். முடிந்தது." மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று வீட்டு வாசலில் நின்று கத்திய பிள்ளையைக் குளிக்க அனுப்பிவிட்டு, பின்னம் நடத்தியதாக எழுதிவைத்தவள் நான். இன்றைக்கு நீ எஸ்டேட்டில் நாள் முழுவதும் தேயிலைக் கொழுந்து நிறுத்து, கூடைக்குக் கழித்து, ஈரத்துக்குக் கழித்து எழுதுகிறாய். கணக்கு வராதவன் செய்கிற வேலையா அது? நீ மீன்வள ஆபீஸ் வேலைக்கு எழுதிப்போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, கணக்குக் கேட்பார்கள் என்று பயந்து விட்டுவிட்டதை நான் மறக்கவில்லை.

நோட்டு எப்படி எழுத வேண்டும் என்று இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. அறுபத்திரண்டு வயதில். புரிந்தது சரிதானா என்று பார்க்க, என்மீதே பரீட்சை செய்தேன். எல்லோரும் இனி ஹிந்தி ஹிந்தி என்கிறார்களே என்று கடைத்தெருவில் ஒரு ஹிந்தி அரிச்சுவடி வாங்கிவந்து, தினமும் காலையில் அரை மணி படித்து, முடித்த உடனே, என்ன நடந்ததோ அதை மட்டும் பென்சிலில் எழுதினேன். முதல் நாள்: "ஏழு எழுத்து. இரண்டு ஒரே மாதிரி இருக்கின்றன, குழம்பினேன்." இரண்டாம் நாள்: "அதே இரண்டு எழுத்து, மறுபடி குழம்பினேன். எரிச்சல்." மூன்றாம் நாள்: "நாத்தனார் வந்தாள். படிக்கவில்லை." அந்த மூன்றாம் நாளை எழுதும்போது கை எப்படித் தயங்கியது தெரியுமா? நானே படித்து, நானே எழுதி, நான் மட்டுமே பார்க்கப்போகிற தாளில், "படித்தேன்" என்று எழுத ஆசை வந்தது! ஆனால் ஐந்தாம் நாள் திருப்பிப் பார்த்தபோது, எனக்கு அந்த இரண்டு எழுத்துதான் தகராறு என்பது பளிச்சென்று தெரிந்தது. அதைச் சொன்னது முதல் இரண்டு நாளின் தப்புகள். தப்பை எழுதாமல் விட்டிருந்தால் வாரக் கடைசியில் எனக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஆகவே நீ அழகாக எழுத வேண்டாம். உன் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், அதுவே நல்லது. அன்றன்றைக்கு, அவள் புத்தகத்தை மூடின உடனே எழுது. நாளைக்கு நடத்தப்போவதை எழுத வேண்டுமானால் வேறு தாளில் எழுது, அந்தத் தாளை இதோடு சேர்க்காதே. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் சரியில்லை என்று எழுது. லூர்து வேலையாக இருந்தாள், நீ மேல்பிரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கப் போய்விட்டாய், பாடம் இல்லை என்றால் பாடம் இல்லை. அவள் தப்பாகப் போட்ட கணக்கை அழிக்கவிடாமல் அப்படியே வைத்துக்கொள். அதன் கீழே, ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டு, அவள் சொல்லும் காரணத்தை அவள் வார்த்தையிலேயே எழுது. காரணம் இல்லாமல் எந்தக் குழந்தையும் தப்பு செய்வதில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் ஒரு தடவையாவது உன்னைக் கேட்டிருந்தால் நிச்சயமாகவே தெரிந்திருக்கும். பாடப்புத்தகத்துக்கு வெளியே அவள் எதைப் பார்த்து நின்றாள் என்பதும் வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவளை அழைத்துப்போகிறாயா? அங்கே அவள் என்ன கேட்கிறாள்? மழைக்காலத்தில் அட்டை ஏன் காலை மட்டும் தேடி வருகிறது என்று கேட்டதாகப் போன கிறிஸ்துமஸுக்கு லூர்து எழுதியிருந்தாள். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு நான்கு மாதமாக அந்தக் கேள்வி மனதில் கிடக்கிறது.

போன திங்கட்கிழமை மறுபடி கான்வென்டுக்குப் போய் மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதித்தர மாட்டேன் என்றேன். உனக்கு நான் எழுதிய நோட்டையும் அப்பாவின் நோட்டையும் பக்கத்துப் பக்கம் விரித்துக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறிமாறிப் புரட்டிவிட்டு, அப்பாவின் நோட்டில் விரலை வைத்து, "இந்த மாதிரி ஒரு மாசத்துக்கு இருந்தாப் போதும்மா. டீச்சர் குழந்தையோட ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கட்டும். ஆனா நாலாம் வகுப்புன்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன், மூணாவும் இருக்கலாம்" என்றார். நான் சரி என்று வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் சரி சொன்னது என் வழக்கமான தப்பு. இதைக் கேட்டால் உன் அத்தை, கிழவி பேத்தியை ஒரு வகுப்புக் கீழே தள்ளிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்வாள். சொல்லட்டும். உன்னை ஒரு வகுப்பு மேலே தள்ளிய கை இது. ரெஜினா மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால் ஒரு வருடம்தான் போகும். உனக்கு எத்தனை வருடம் போயிற்று என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை. பள்ளிக்கூடம் திறக்க ஆறு வாரம் இருக்கிறது. ஒரு மாத நோட்டுக்கு அது தாராளம். யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் ரேஷன் சீட்டு ஒழியவில்லை, அதனால் வரும்போது அவளுடைய சீட்டை இந்த ஊருக்கு மாற்ற மட்டும் மறந்துவிடாதே.

அப்பாவின் சின்ன நோட்டுகளைத் துணியில் சுற்றி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவை உன்னுடையவை. என்னுடைய நான்கையும் நானே வைத்துக்கொள்கிறேன். எரிக்க மாட்டேன். எழுதியது எழுதியதுதான்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்டு உனக்கு வேலை வைக்கப் போவதில்லை. எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். முதல் பாரத்தில் நீ இருந்த அந்த வருடம், காலையில் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சாயங்காலம் திரும்புவாய். நடுவில் என்ன நடந்தது என்று நான் உன்னை ஒரு நாளும் கேட்கவில்லை. அப்பாவின் நோட்டிலும் இல்லை, அந்த வருடம் அவருக்கு இரவும் பகலும் கப்பல்மேல் வேலை. அந்த ஒரு வருடம் யாருமே எழுதாமல் கிடக்கிறது. வகுப்பில் எங்கே உட்கார்ந்தாய், பக்கத்தில் யார், பெஞ்சுமேல் நின்றபோது எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை? நினைவில் இருப்பதை மட்டும் எழுது, இல்லாததை இல்லை என்று எழுது. நான் இந்தக் கடிதத்தில் எதையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் அதையும் குறித்து அனுப்பு. யாரிடமும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதே, உன் கையால் எழுதிய பதில் எனக்கு வேண்டும்.

அம்மா